அக்கா மாடிச் சாம்பல்

என் அக்கா வீட்டு மாடியில் சாம்பல் விழவே இல்லை என்று இன்றைக்கும் யாராவது என் முன்னால் சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். வரட்டுமே. கோபப்படாமல் இருந்திருந்தால் அந்த மாடி இந்நேரம் அரிசி ஆலைக்குக் குடோன் ஆகியிருக்கும்.

சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, குழந்தைக்குப் பெயர் வைப்பது என்று பெண்கள் கூடுகிற விசேஷங்களுக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆண் போட்டோகிராபர் வந்து நின்றால் கூச்சப்படுகிற அத்தைமார்களும் சித்திமார்களும் என் கேமராவுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து சிரிப்பார்கள். ஆனால் இந்த விசேஷங்கள் நடக்கிற மண்டபங்கள் இருக்கின்றனவே, அவற்றில் வெளிச்சம் என்பது பேருக்குத்தான். மணவறைக்கு மட்டும் கண்ணைக் கூசுகிற கலர் லைட், மற்ற இடமெல்லாம் இருட்டு. கேமராவில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை உணர்கிற அளவை, ஏற்றித்தான் எடுக்க வேண்டும். ஏற்றினால் படம் முழுக்க ரவையைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும். எங்கள் தொழிலில் அதற்குக் கிரெயின்ஸ் என்று பேர்.

அந்தக் கிரெயின்ஸை எடுக்கத்தான் இப்போது ஏ.ஐ. மென்பொருள் வந்திருக்கிறது. ஒரு விசேஷத்தின் படங்களை மொத்தமாக அதற்குள் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் எல்லா முகமும் பளிச்சென்று இருக்கும். எனக்கும் அதற்கும் விரோதம் எதுவும் கிடையாது. என் கண்ணுக்கு அது கொடுத்த ஓய்வை நான் மறக்கவில்லை. விரோதம் வந்தது அக்காவின் மாடியை அது துடைத்தபோதுதான்.

அக்கா வீடு சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற டவுன் பஸ் ரோட்டின் மேலேயே இருக்கிறது. கூழ் வடகம், மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல் போட்டு விற்பதுதான் அவள் பிழைப்பு. பங்குனியும் சித்திரையும் அவளுக்கு நிற்க நேரமிருக்காது. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டிகளை விரித்து, விடிவதற்குள் கூழ் காய்ச்சி, வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடித்துவிடுவாள். சிதம்பரத்துக் கடைகளில் அவள் வடகத்தைத்தான் கேட்டு வாங்குவார்கள், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் என்று.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு அரிசி ஆலை வந்தது. நெல் அவிக்கிற பாய்லருக்கு உமியைப் போட்டு எரிக்கிறார்கள். சாயங்காலம் மூட்டினால் மறுநாள் காலை வரை எரியும். புகைபோக்கியிலிருந்து கரும்பொடி கிளம்பி, கடல் காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும், நேரே அக்கா மாடியில்தான் வந்து இறங்கும். ஈர வடகத்தில் விழுந்த சாம்பலை எடுக்கவே முடியாது. ஊதினால் பரவும், தட்டினால் உள்ளே போகும், எண்ணெயில் போட்டால் கறுப்புக் கறுப்பாகப் பொரியும். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆலை மேனேஜர் ரொம்ப மரியாதையாக அக்கா வீட்டுக்காரரான மாமாவிடம் வந்து, சிரமமாக இருந்தால் வீட்டைத் தங்களுக்கே கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்கு இருமல் வேறு. கொடுத்துவிட்டுச் சிதம்பரத்தில் வாடகைக்குப் போய்விடலாம் என்றே அவருக்கு எண்ணம். அக்கா ஒரே பேச்சுதான் பேசினாள்.

"வாடக வீட்ல எவன்டி எனக்கு மொட்ட மாடி குடுப்பான்? இந்த மாடி போனா நான் யாரு?"

கடலூர் போய்க் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் சம்பந்தப்பட்ட துறையிலிருந்து கூப்பிட்டார்கள். மாடியில் கிடக்கிற சாம்பலைக் காட்டினால் போதாது, அது உங்கள் அடுப்புச் சாம்பலாகவும் இருக்கலாம், விழுவதைக் காட்டுகிற மாதிரி போட்டோ கொண்டுவாருங்கள், அன்றைக்கே இரண்டு தரப்பையும் வைத்து விசாரிக்கிறேன் என்றார் அதிகாரி. போட்டோதானே? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வேறு எதைக் கேட்டிருந்தாலும் நான் பயந்திருப்பேன்.

பாய்லர் மூட்டுகிற நேரத்துக்கு மாடியில் போய் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்து, தெரு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. முதலில் ஃபிளாஷ் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் பறந்த துகளெல்லாம் பெரிய பெரிய வெள்ளை உருண்டையாக வந்து நின்றது. இதைக் கொண்டுபோனால் கிராஃபிக்ஸ் என்பார்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன். தெரு விளக்கைச் சுற்றிச் சாம்பல் இறங்குவது, வேட்டியில் விழுவது, வடகத்தின் முறுக்குக்குள் ஒட்டுவது எல்லாம் கிடைத்தது. கிரெயின்ஸும் இருந்தது. அதற்கு என்ன செய்வது, அந்த வெளிச்சத்துக்கு அவ்வளவுதான். ஃபைல்களை வழக்கமாக ஆல்பம் போடுகிற கடலூர் லேபுக்கு அனுப்பி, பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு வைக்கச் சொன்னேன்.

விசாரணை அன்று பஸ் புதுச்சத்திரத்திலேயே நின்று நின்று போனது. லேபில் கவரை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினோம். பிரித்துப் பார்க்க நேரமில்லை. அதிகாரி, பக்கத்தில் ஆலை மேனேஜர், எதிரே நானும் அக்காவும். அக்காதான் கவரைப் பிரித்து மேஜைமேல் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

படத்தில் சாம்பல் இல்லை.

வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தெரு விளக்கைச் சுற்றி ஒரு பொட்டுகூட இல்லை. வேட்டி வெள்ளை வெளேரென்று, நெசவே தெரியாமல், பிளாஸ்டிக் விரித்ததுபோல. வடகம் விளம்பரப் படத்து வடகம். அக்கா வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான வடகம் போட்டதில்லை. மேனேஜர் ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்து, நிதானமாகப் பார்த்து, நிதானமாக வைத்தார்.

"நீங்களே எடுத்த போட்டோம்மா," என்றார். "எங்க ஆபீச விட உங்க மாடி சுத்தமா இருக்குது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டுவிட்டு லேபுக்கு ஓடினேன். லேப்காரர் நல்ல மனுஷன், என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். நான் கத்துகிற கத்தலில் கவுன்ட்டரில் நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள். அவருக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், திட்டக்குடி என்று எங்கிருந்து ஃபைல் வந்தாலும் அந்த ஏ.ஐ. மென்பொருளில் போட்டுக் கிரெயின்ஸை எடுத்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவாராம். யாரும் சொல்ல வேண்டியதில்லையாம். கிரெயின்ஸோடு ஆல்பம் போனால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் போட்டோகிராபரைத்தான் திட்டுகிறார்களாம்.

"உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் மேடம் செஞ்சேன். ரொம்ப டஸ்ட்டா இருந்துச்சு, ஃபுல்லா ஏத்தி வுட்டேன்."

டஸ்ட்டுதானய்யா நான் எடுத்தது! அவரை அடிக்கவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து என் ஃபைலைத் திறந்து அந்த மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். குறைவாக வைத்தால் கிரெயின்ஸும் இருந்தது, சாம்பலும் இருந்தது. ஏற்ற ஏற்ற இரண்டும் சேர்ந்தே போயின. எது கேமரா போட்ட புள்ளி, எது உமி எரிந்து பறந்த புள்ளி என்று அதற்கு என்ன தெரியும்? எங்கெங்கோ இருக்கிற சுத்தமான வானத்தைப் பார்த்துப் பழகி வந்தது அது. வானம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, இல்லாத இடத்தில் தானே வரைந்தும் வைக்கிறது. என் அக்கா தலைமேல் இருக்கிற வானத்தை அதனிடம் யாரும் காட்டவில்லை.

அந்த மென்பொருளைத் தொடாமல் அப்படியே பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். அதிகாரி பார்த்தார். கெட்டவர் இல்லை அவர், பொறுமையாகத்தான் பார்த்தார். தன் வீட்டு விசேஷத்திலும் இருட்டில் எடுத்த படமெல்லாம் இப்படிப் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது என்றார். மேனேஜர் உடனே தன் போனை எடுத்து, என் பிரிண்டையே அதில் ஒரு படம் பிடித்து, ஏதோ ஒரு ஆப்பில் போட்டுத் துடைத்துக் காட்டினார். பாருங்கள் சார், கிரெயின்ஸ் மட்டும்தான் போயிருக்கிறது, இவர்கள் சாம்பல் என்பதே அதைத்தான் என்றார்.

"மொதல்ல ஒண்ணு காட்டுனீங்க, இப்ப ஒண்ணு காட்டுறீங்க," என்றார் அதிகாரி. "நான் எதம்மா நம்புறது?"

ஒரு நாள் நேரில் வந்து பார்க்கிறேன் என்று முடித்துவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பரங்கிப்பேட்டை பிரிகிற இடம் தாண்டும்போது பேசினாள். போவட்டும் வுடு, வீட்டைக் குடுத்துட்டு வந்துர்றோம், என்றாள். அழுதிருந்தாலாவது நான் தேற்றியிருப்பேன். பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. நீ வேண்டுமானால் விடு, நான் விடமாட்டேன், என் படத்தைப் பொய் என்று சொல்லிவிட்டு எவனும் தூங்க முடியாது என்று பஸ்ஸிலேயே சத்தம் போட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

கிரெயின்ஸ் என்கிறார்களா? கிரெயின்ஸே இல்லாத படம் எடுத்தால் என்ன சொல்வார்கள்? மறுநாள் சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். துவைத்த வேட்டி ஒன்றை மாடியில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, நடுவில் சீர் வரிசைத் தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் நல்ல வெயில் வரக் காத்திருந்து, ஐ.எஸ்.ஓ.வை அடிமட்டத்துக்கு இறக்கி, தாம்பாளத்தைத் தூக்கினேன். தூக்கிய இடம் பளீரென்று வட்டமாக வெள்ளை. சுற்றிலும் வேட்டி சாம்பல் பூத்துக் கிடந்தது. எந்தக் கேமராவும் தாம்பாளம் அளவுக்கு வட்டம் விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் கிரெயின்ஸ் போடாது. அந்த வெயிலில் எடுத்த படத்தில் மென்பொருளுக்கு வேலையும் கிடையாது.

ஆனால் அதைக் கவரில் போட்டுக் கடலூர் கொண்டுபோய் மேஜைமேல் அடுக்குகிற பொறுமை எனக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ், செத்துப் போனால் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். என் அக்கா மாடிக்கு ஒன்று வைத்தால் என்ன? அதே லேப்காரரிடமே போனேன். குற்ற உணர்ச்சியோ என்னவோ, மனுஷன் தானே உட்கார்ந்து டிசைன் செய்தார். பழக்க தோஷத்தில், மேலே எந்தத் தலைவர் படத்தை வைக்க வேண்டும் என்று கேட்டார். யாரும் வேண்டாம், வேட்டி மட்டும் போதும் என்றேன். "அப்படியேவா மேடம்? க்ளீன் பண்ணாமயா?" என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டுதான் பிரிண்டுக்குக் கொடுத்தார். கீழே போட வேண்டிய வாசகத்தை அக்காவிடம் போனில் கேட்டேன். அவள் சொன்னாள். அதையே பெரிய எழுத்தில் போட்டோம்: இது எங்க மாடி. ஒரு ராத்திரியில் விழுந்தது.

மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, ரோட்டையும் ஆலையையும் பார்த்தபடி அதைக் கட்டினோம். பஸ் ரோடு ஆயிற்றே, காட்டுமன்னார்கோயில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டது. டவுன் பஸ் கண்டக்டர்கள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். கடைத்தெருவில் அக்காவைப் பார்த்தவர்கள், தங்கள் வீட்டுக் கொடித்துணியிலும் இதேதான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதுவரை அவரவர் வீட்டில் அவரவர் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேனேஜர் மாமாவிடம் வந்து, அனுமதி இல்லாமல் ஃப்ளெக்ஸ் வைப்பது தப்பு என்றார். அப்போது நானும் அங்கே இருந்தேன். எங்கள் சுவரில் எங்கள் வேட்டியைக் காட்டுவதற்கு அனுமதி வாங்குகிறோம், எங்கள் மாடியில் கொட்டுவதற்கு நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கேட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அதிகாரி வருகிற தேதி தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது போலவே ஆலைக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே பாய்லரை அணைத்துவிட்டார்கள். ரோட்டைக்கூடப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். மாடியில்தான் சாம்பல் கிடக்குமே, அது போதும் என்று நினைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

மாடி பளபளவென்று இருந்தது. ஓரத்தில் கோலம் வேறு.

மாமாதான். விடியற்காலையிலேயே எழுந்து, மோட்டாரைப் போட்டு, மாடி, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி என்று எதையும் விடாமல் கழுவியிருக்கிறார். வேட்டிகளையெல்லாம் ஊறப்போட்டுத் துவைத்தும் காயப்போட்டிருந்தார். அக்கா படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு மாமாவாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"ஆபீசர் வராரும்மா," என்றார். "அழுக்கா போட்டு வெச்சிருந்தா நம்மளப் பத்தி அவரு என்னா நெனப்பாரு?"

அவரைக் குறை சொல்லி என்ன? பெரிய மனுஷன் வீட்டுக்கு வந்தால் கழுவி வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. என் படத்தைத் துடைத்த லேப்காரருக்கும் இதே மரியாதைதான். எங்களை அழிப்பதற்கு வெளியிலிருந்து யாரும் வரவே வேண்டாம் என்று தோன்றியது. அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

ஜீப் வந்தது. அதிகாரி மாடிக்கு ஏறினார், பின்னாலேயே மேனேஜரும் வந்தார். சுத்தமான மாடி, சுத்தமான வேட்டி, புகை இல்லாத புகைபோக்கி. அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். மேனேஜர் சிரிக்கக்கூட மெனக்கெடவில்லை, அவ்வளவு நிம்மதியாக இருந்தார் போலிருக்கிறது. மாமா எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து நீட்டினார்.

அக்கா அதுவரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து கைப்பிடிச் சுவரண்டை போனாள்.

"சார், இங்க வாங்க. இவரு கைக்கு எட்டாத எடம் ஒண்ணு இருக்குது."

சுவருக்கு வெளியே தொங்கிய ஃப்ளெக்ஸை மாமாவால் கழுவ முடியவில்லை. அதை நானே மறந்திருந்தேன். அதிகாரி குனிந்து, கையை வெளியே விட்டு, ஃப்ளெக்ஸின் வெள்ளை ஓரத்தில் ஒரு விரலை வைத்து இழுத்தார். படத்தில் இருந்த சாம்பலுக்கு மேல் அசல் சாம்பல் படிந்திருந்தது. தாம்பாள வட்டம்கூடக் கறுத்துப் போயிருந்தது. அவர் விரல் போன வழியில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. ரோட்டுத் தூசி சார் அது, பஸ் போகிறது பாருங்கள், என்றார் மேனேஜர். அதிகாரி விரலை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எங்கள் ரோட்டுத் தூசி செம்மண். விரல் கரியாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. இடது கையால் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்தார்.

"தொடைக்காதீங்க சார்," என்றாள் அக்கா. "எல்லாரும் தொடைச்சுத் தொடைச்சுத்தான் எங்க சாம்பல் இல்லாமப் போச்சு. அந்த வெரலோடயே எழுதுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். கர்ச்சீப்பைத் திரும்பப் பாக்கெட்டில் வைத்தார். சுவர்மேலேயே தாளை வைத்து எழுதினார். எழுதி முடித்து, தாளைத் தூக்கியபோது வரிகளுக்குப் பக்கத்தில் கறுப்பாக அவர் விரல் பதிந்திருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு தாள் தரட்டுமா சார், இது அழுக்காகிவிட்டது என்றார்.

"இருக்கட்டும்," என்றார் அதிகாரி. "உங்களுதுதான்."